அசல் டெக்சாஸ்காரன்

"என்ன மாப்ளே, கேஸ் பில்லை எல்லாம் போட்டோ எடுக்கறே? அது என்ன அவ்வளவு அழகாவா இருக்கு?"

சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த எவரிஸ்தோ நிமிரவில்லை. கேட்டது மனைவியின் அண்ணன் ரெய்னால்டோ. அவன் வாய்க்கு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை கிடையாது. முப்பத்தெட்டு வயதாகியும், டெக்சாஸ் எல்லை ஊரான லாரெதோவில் தங்கை வீட்டு சோபாதான் அவனுக்குப் படுக்கை. தின்பது தங்கை புருஷன் வெயிலில் கூரை ஏறிச் சம்பாதித்தது. அந்தக் கூச்சத்தை எல்லாம் வாயாலேயே ஈடுகட்டிவிடுவான்.

"பத்து வருஷமா நான் இந்த விலாசத்துல இருக்கேன்னு காட்ட அந்த பில்லுதான் மச்சான் சாட்சி."

"யார்கிட்ட காட்டப் போறே? உன்னைப் பிடிக்க வர்றவங்க, 'அடடா, கேஸ் பில்லை ஒழுங்கா கட்டியிருக்காரே'ன்னு சல்யூட் அடிச்சிட்டுப் போயிடுவாங்களா?"

அடுப்பில் சோள மாவுத் தமாலே வேகும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்த மரிசேலா திரும்பினாள்.

"அண்ணே, வாயை மூடு. போன மாசம் இவர்கூட வேலை செஞ்ச தாச்சோவை ரோட்டுலயே பிடிச்சாங்க. அவன் பொண்டாட்டி கல்யாணச் சான்றிதழைத் தேடி எடுக்கறதுக்குள்ள அவனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவுல கொண்டுபோய் விட்டாச்சு. எனக்கும் அப்படி ஆகணுமா?"

அதுதான் விஷயம். இந்த நாட்டில் இருக்க எவரிஸ்தோவிடம் செல்லுபடியாகும் தாள் ஒன்றுகூட இல்லை. என்றைக்காவது பிடித்தால் அரை மணி நேரத்தில் இந்தப் படங்கள் எல்லாம் வக்கீல் கைக்குப் போயாக வேண்டும். மரிசேலாவுக்கும் ஆறு வயது மகளுக்கும் அவனை மீட்க வேறு வழியில்லை.

"என் போன்லயும் இவ போன்லயும் மட்டும்தான் இருக்கும்," என்றான் எவரிஸ்தோ. "பூட்டு போட்டாச்சு. வேற எங்கயும் போகாது."

"ஆமாமா, பெரிய ராணுவ ரகசியம்!" ரெய்னால்டோ சோபாவில் காலை நீட்டினான். "நாளைக்கு எனக்கு எல்லைக் காவல் வேலைக்கு நேர்முகம். சீருடை போட்டதும் முதல் நாள் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன் தெரியுமா?"

"இவர் வாங்கிப் போடறதைத் தின்னுட்டு இவர் வீட்டுக் கதவையே தட்டுவியா? வெக்கமா இல்லை?" மரிசேலா கரண்டியை ஓங்கினாள்.

"சட்டம்னா சட்டம்தான். நான் இங்க பொறந்தவன். இவன் ஆத்தை நீந்தி வந்தவன். ரெண்டும் ஒண்ணாகுமா?"

"நீந்தலை மச்சான். விசா வாங்கி பஸ்லதான் வந்தேன். தேதி முடிஞ்சும் திரும்பிப் போகலை, அவ்வளவுதான்."

"சரி, நனையாம வந்தே."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு ரெய்னால்டோ எழுந்தான். அம்மாவின் அறைக்குள் போய், துணி அலமாரிக்கு அடியில் இருந்த பழைய பிஸ்கெட் டப்பாவைத் தூக்கிவந்தான். அதை அம்மா யாரையும் தொட விட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கோ லைசென்ஸுக்கோ தாள் வேண்டுமென்றால் அவளே எடுத்துக் கொடுப்பாள். வேலை முடிந்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்வாள். இப்போது சர்ச்சுக்கு, மாலைப் பூசைக்குப் போயிருந்தாள்.

"இந்தா. நாளைக்கு என் பொறப்புச் சான்றிதழ் வேணும், எடு. அப்படியே அதையும் ஒரு படம் எடுத்து வெச்சுக்கோ. அசல் தாள் எப்படி இருக்கும்னு தினமும் பார்த்துக் கும்பிடலாம்."

"இது அத்தையோட டப்பா மச்சான். அவங்க வந்துடட்டுமே."

"ஏன், தாளைப் பார்த்தாலே நடுங்குதா? எடுன்னா எடு!"

எவரிஸ்தோ கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தான். மேலேயே இருந்தது. டெக்சாஸ் முத்திரை, மருத்துவச்சியின் கையெழுத்து, வீட்டில் பிறந்ததாக ஒரு வரி. படம் எடுத்தான். இப்படி ஒரு தாள் தனக்கும் இருந்திருந்தால் என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டான்.

ரெய்னால்டோ அதைப் பிடுங்கி அவன் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

"பார்த்துக்கோ மாப்ளே. இது ஒண்ணு இருந்தா போதும், ஒருத்தனும் நம்மளைக் கேள்வி கேக்க முடியாது. இது இல்லாதவனை நான் மனுஷக் கணக்குலயே சேர்க்கறதில்லை."

எவரிஸ்தோ டப்பாவின் அடியில் நாலாக மடித்துக் கிடந்த இன்னொரு தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்து, மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தான்.

"என்ன, கண்ணு கூசுதா?"

"மச்சான், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்று எவரிஸ்தோ தாளை அவன் பக்கம் நகர்த்தினான். "நாளைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க இதைப் பார்த்துடறது நல்லது."

அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில் ஒரு மருத்துவமனை கொடுத்த பிறப்புச் சான்றிதழ். அதே அம்மா, அதே அப்பா, ஆண் குழந்தையின் பெயர் ரெய்னால்டோ, பிறந்த தேதி மட்டும் டெக்சாஸ் தாளில் இருப்பதற்குப் பதினெட்டு நாள் முந்தையது.

"இதைப் படம் எடுக்கட்டுமா மச்சான், இல்லை அடுப்புல போட்டுடட்டுமா?"