மூன்று கையெழுத்து

"உட்காருங்க தம்பி. இங்க யாரும் கடிக்க மாட்டோம்," என்றார் கண்ணாடிக்காரம்மா.

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மனநல மருத்துவமனையின் தீவிரப் பிரிவு அது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூவரும் கையெழுத்துப் போட்டால் மனைவியோடும் மகளோடும் ஒரே வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் திரும்பவும் அந்தப் பழைய இடம்தான். காலையில் வந்த இருவரும் தேறவில்லை என்று வெளியே பெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

"பூட்டின கதவுக்குள்ள எத்தனை வருஷம் இருந்தீங்க?" என்று ஆரம்பித்தார் கோட்டுக்காரர்.

"பன்னெண்டு."

"அடேயப்பா." கோட்டுக்காரர் முகத்தில் நிஜமான இரக்கம். "தூக்கம் எப்படி?"

"பாதி ராத்திரியில எழுப்பிடுவாங்க."

"யாராவது பின்னாடியே வர்ற மாதிரி தோணுதா?"

"மாதிரி இல்லைங்க, வர்றாங்க. ஆறு பேர். கையில ஆளுக்கொரு நோட்டு. நான் தும்மினாக்கூட எழுதிக்குவாங்க."

கண்ணாடிக்காரம்மா கோட்டுக்காரரைப் பார்த்தார். கோட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். மூன்றாமவர் யாரையும் பார்க்கவில்லை. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல வாயை இறுக்கியிருந்தார்.

"உங்ககிட்ட என்ன குறை? நீங்களே சொல்லுங்க," என்றார் கோட்டுக்காரர்.

உண்மையைச் சொன்னால் காரியம் கெடும். பொய் சொன்னால் இந்த மூன்று பேரிடம் செல்லாது.

"யாராவது மனசுவிட்டுப் பேச ஆரம்பிச்சா, ரெண்டாவது வார்த்தையிலேயே என் கை எழுத ஆரம்பிச்சுடுது. நிறுத்த முடியலை."

"தானாவா?"

"தானாத்தான்."

"அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க." கோட்டுக்காரர் அதை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க சொல்லுங்க. இவர் சும்மா கேக்கட்டும்."

கண்ணாடிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என் வீட்டுக்காரர் போனப்புறமும் ஏழு மாசம் ரெண்டு டம்ளர் டீ போட்டேன். அவர் டம்ளர் ஆறுற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்துட்டு, கொட்டிடுவேன்."

வந்தவரின் வலது கை மேசைமேல் நண்டுபோல ஊர்ந்தது. அதை இழுத்துத் தொடைக்கடியில் போட்டு, மேலே அழுந்த உட்கார்ந்தார்.

"அவருக்கு எத்தனை கரண்டி சர்க்கரைம்மா?"

"மூணு." அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "வேண்டாம்னா கேட்டாத்தானே அந்த மனுஷன்."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டுடலாம்," என்றார் மூன்றாமவர்.

மற்ற இருவரும் பேயறைந்ததுபோல அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தட்டோடு உள்ளே வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பேசினது இவரா? பதினோரு நாளா வாயே திறக்கலையே."

மூன்று பேருக்கும் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். மூன்று கையெழுத்தும் விழுந்த தாளை வாங்கி, தொடைக்கடியிலிருந்து கையை உருவிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினாள்.

"வாழ்த்துகள் டாக்டர். இந்த வார்டுக்குப் பெரிய டாக்டரை இனிமே நோயாளிங்களே தேர்ந்தெடுக்கட்டும்னு சொன்னப்போ நாங்கல்லாம் சிரிச்சோம். திங்கட்கிழமை வந்துடுங்க. நோட்டோட உங்க பின்னாடியே வர இங்கயும் பயிற்சி டாக்டருங்க இருக்காங்க."

பேனாவை மட்டும் கோட்டுக்காரர் திருப்பித் தரவில்லை.