மாடியிலும் நெட் எடுக்கிறது

கல்யாணமான நாளிலிருந்து செண்பகவல்லிக்கு அவள் கணவன் ஞானவேல் தானாக வாங்கி வந்த ஒரே பொருள் அந்த வைஃபை அடாப்டர்தான். கட்டைவிரல் நகமளவுதான் இருந்தது.

"இதைச் சொருகிட்டா வயரே வேணாம். எங்க வேணாலும் உக்காந்து வேலை பாக்கலாம்" என்றான். குடித்த தம்ளரைக்கூட எடுத்து வைக்காதவன், அவளுடைய கம்ப்யூட்டரைத் தானே மொட்டைமாடி அறைக்குத் தூக்கிப்போய், அடாப்டரைச் சொருகி, பாஸ்வேர்டும் போட்டுக்கொடுத்தான்.

"நெட் எடுக்குதா பாரு."

"ஃபுல்லா எடுக்குதுங்க!" என்று பூரித்துப்போய்த் திரும்பினாள். அவன் அங்கே இல்லை. மறுபடி ஏறி வந்தபோது அவளுடைய பாயும் துணிமூட்டையும் அவன் கையில் இருந்தன.

"இது எதுக்குங்க?"

"நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. எனக்கும் ஒரு பிள்ளை வேணாமா? நீ இங்கயே இருந்துக்க. கீழ வராத."

முகம் பார்க்காமல் சொல்லிவிட்டு இறங்கினான். மாடிக்கதவில் தாழ்ப்பாள் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே வாசலிலிருந்து மாமியார் அண்ணாந்து கூப்பிட்டாள்.

"செண்பகம், உன் கல்யாணப் பட்டுப்புடவைய எங்க வெச்ச? அந்தப் பொண்ணுக்குக் குடுக்கணும்."

"பீரோவுல மேல்தட்டுல இருக்குங்கத்தை" என்று குரல் கொடுத்த பிறகுதான், தான் பதில் சொல்லிவிட்டது அவளுக்கே உறைத்தது.