காந்தம் பூசிய ஆன்டெனா

"மூச்சு விடாதீங்க சார், பறந்துடும்!"

பேராசிரியரின் எச்சரிக்கைக்கு மதிப்பீட்டுக் குழுவினர் மூவரும் உடனே கட்டுப்பட்டார்கள். மேசைமேல் குனிந்தபடி மூச்சை நிறுத்தினார்கள். கறுப்பு எள் தூவிய பிஸ்கட்டைக் கடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

வயரின் நுனியில் கறுப்பாக ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. காந்தப் படலம் பூசிய ஆன்டெனா. தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தால் வருகிற மெல்லிசில் படலம். அது சிக்னலை இரட்டிப்பாக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் திட்டத்துக்கு இன்றோடு மூடுவிழா. ஆய்வு மாணவியின் பட்டத்துக்கும் சேர்த்து.

அந்த மாணவி வாசல்வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். மேசையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"சார், அது வந்து..."

"மாட்டி வச்சிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா? கெட்டிக்காரி!"

அவள் கைப்பேசி அதிர்ந்தது. ஏதோ தெரியாத எண்.

"சிக்னல் சோதனை நடக்கிற இடத்துல போனாம்மா?" பேராசிரியர் அதைப் பிடுங்கி அணைத்தார். கையோடு கருவியை முடுக்கினார்.

மூவரும் இன்னும் நெருங்கிக் குனிந்தார்கள். திரையில் கோடு தத்தித் தத்தி ஏறி இரட்டிப்பைத் தொட்டது.

"சார், எல்லாரும் இப்படி மேல விழுந்து நின்னா நம்ம உடம்பே சிக்னலை இழுக்கும், வெறும் வயர்கூட..."

"மூணு வருஷமா வாயே திறக்காத வயர், இன்னிக்குத்தான் பேச ஆரம்பிச்சுதாக்கும்? சும்மா இரும்மா."

குழுத் தலைவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "படலம் கண்ணுக்கே தெரியலயே!"

"அதானே சார் அதோட அழகு!"

"லேசா வறுத்த வாசனை வருதே?"

"நல்ல சூட்டுல பூசினது சார்."

"அடேயப்பா!" தலைவர் நிமிர்ந்தார். விரல்களில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "இன்னும் மூணு வருஷம் தாராளமா நடத்துங்க. இந்தப் பொண்ணுக்குப் பட்டத்தை உடனே குடுத்துடலாம்."

மாணவி வாயைத் திறந்தாள். மை காயாத கையெழுத்தைப் பார்த்தாள். திறந்த வாய்க்குள் ஒரு பிஸ்கட்டைப் போட்டு மூடிக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. வியர்க்க விறுவிறுக்கக் கூரியர்காரர், கையில் ஒரு குட்டிப் பெட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எத்தன தடவ போன் பண்றது? 'ஆன்டெனா, பத்திரம்'னு போட்டிருக்கு, எங்க வைக்கட்டும்?"