உள்ளுக்கு ஆள்

பழங்காலக் கட்டடம் என்று பதிந்துவிட்டால் வேலி போட்டு ஊராரையே உள்ளே விடமாட்டார்கள் என்று கமலாசனி கேள்விப்பட்டிருந்தாள். அதனால், பூவரசங்குளத்துக்கு அளவு நாடாவோடு வந்த தொல்லியல் அதிகாரியை வாசல் படலையடியிலேயே மறித்தாள்.

"அம்மா, அந்தச் சுண்ணாம்புக் கட்டடம் எந்தக் காலத்தது?"

"அது பழசில்லை ஐயா. இடம்பெயர்ந்து திரும்பி வந்தாப்பிறகு என்ஜிஓக்காரர் கட்டித்தந்த கக்கூஸ்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு! வவுனியாவில இருந்து அடக்கிக்கொண்டு வாறன்" என்றபடி பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு ஓடினார்.

கமலாசனிக்கு உயிரே போய்விட்டது. பின்னால் ஓடிப்போய்க் கதவை மறித்தாள்.

"ஐயோ, நில்லுங்கோ! உள்ளுக்கு ஆள் இருக்கு!"

"எப்ப வெளியில வருவார்?"

அவளுக்கு அதற்குமேல் பொய் வரவில்லை.

"அவர் எங்க வாறது? நூறு வருசமா உள்ளுக்கதான் குந்திக்கொண்டிருக்கிறார் ஐயா, எங்கட பிள்ளையார்!"