முப்பது அடிப் பாட்டு

ஆயிரத்து நானூறு பாட்டை ரேடியோவில் பாடவைக்கும் கருவியின் விலை முந்நூற்றைம்பது ரூபாய். அதையும் குறைத்துக் கேட்காத ஒரு வாடிக்கையாளரை, கார் ஸ்டீரியோ கடைக்காரர் தன் இருபது வருஷ வியாபாரத்தில் அன்றுதான் பார்த்தார்.

கருவி விரல் நீளம்தான். சிகரெட் லைட்டர் துளையில் செருகி, பாட்டு நிறைந்த பென்டிரைவை அதன் வாயில் வைத்தால், காரின் பழைய ரேடியோவில் எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் பாட்டு வந்துவிடும். கம்பி கிடையாது, காற்று வழிதான்.

"கோவிச்சுக்காதீங்க சார், இந்த ரேடியோ உங்களுக்கு அண்ணன் முறை ஆகும். கழட்டிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு மாட்டிடுவோமா? புளூடூத், டச் ஸ்கிரீன், எல்லாம் இருக்கு."

"வேண்டாம்ணே. அதுல பாட்டு வண்டிக்குள்ளயே நின்னுடும். இது வெளிய எவ்வளவு தூரம் போகும்?"

"ஏன், தெருவுக்கே கச்சேரி வைக்கப் போறீங்களா?"

வண்டிக்காரர் கருவியைச் செருகி, தன் பென்டிரைவை அதில் வைத்தார். ரேடியோ கொஞ்சம் கரகரத்துவிட்டுப் பாட ஆரம்பித்தது. முயல்குட்டியும் நிலாவும் பேசிக்கொள்ளும் பாட்டு.

"இதுதான் உங்க டேஸ்ட்டா சார்?"

"தூக்கம் வர்றதுக்குப் போடுறது" என்றார் அவர். பையிலிருந்து உள்ளங்கை அளவு ரேடியோ ஒன்றை எடுத்து, அதையும் அதே எண்ணில் வைத்தார். பிறகு டாஷ்போர்டைத் திறந்து, அளக்கிற டேப்பை எடுத்து அதன் நுனியைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"இது எதுக்கு சார் வண்டில? மனை புரோக்கரா நீங்க?"

"வண்டி நிறுத்துற இடம் பார்க்கத் தேவைப்படுது."

கடைக்காரர் டேப்பின் நுனியை பம்பரில் அழுத்திக்கொண்டார். வண்டிக்காரர் ரேடியோவைக் காதில் வைத்தபடி பின்னோக்கி நடந்தார். இருபதடியில் முயல் பாடியது. இருபத்தைந்தில் நிலாவுக்குத் தொண்டை கட்டியது. முப்பதில் வெறும் இரைச்சல்.

டேப்பில் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "இதைவிடத் தூரம் போறது இல்லையாண்ணே? மூணு மடங்கு விலை தர்றேன்."

மூணு மடங்கு என்றதும் கடைக்காரர் மனசு ஒரு குட்டிக்கரணம் போட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார். "பத்து மடங்கு தந்தாலும் கிடையாது சார். இதுக்கு மேல போனா, ரேடியோ ஸ்டேஷன் வச்சிருக்கோம்னு ரெண்டு பேர் மேலயும் கேஸ் போடுவாங்க."

"ஐயோ, கேஸ் வேண்டாம்ணே."

"சரி, யாருக்குக் கேக்கணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"என் பொண்ணுக்கு. ஆறு வயசு. இதைப் போட்டாத்தான் பின்சீட்டுல தூங்குவா. இதே மாதிரி ரேடியோ ஒண்ணு என் தங்கச்சிகிட்ட குடுத்தனுப்பியிருக்கேன். அப்பா பாட்டு வரும்னு ஜன்னல்ல வச்சுக்கிட்டுக் காத்திருக்காளாம்."

கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, இதுக்கா தெருவையே அளந்தீங்க! வண்டியை அந்த ஜன்னலுக்குக் கீழயே கொண்டுபோய் நிறுத்துங்க சார். முப்பதடி என்ன, மூணடியில நின்னு பாடட்டும்!"

வண்டிக்காரர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார். கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, முந்நூற்றைம்பதைக் கல்லாவின் மேல் வைத்தார்.

"சரியா இருக்காண்ணே?"

"சரியா இருக்கு சார்."

"குடிச்சிட்டு அவ அம்மா மேல கை நீட்டினவன்ணே நான். அந்த வீட்டுக்கு நூறடிக்குள்ள வரக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு. இன்னும் எழுபதடி பாக்கி."