மூச்சு பார்க்கும் கண்ணாடி

1912 மார்கழியில், பேட்டையில் சொர்ணாம்பாளுக்கு ஏழாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த டாக்டர், குழந்தையின் மூக்கருகே ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தார். அதில் ஆவி படியவில்லை.

"மூச்சு இல்லை. தூக்கிட்டுப் போங்க," என்றார்.

கணவன் அம்மையப்பன் பிள்ளையைச் சுற்றத் துணியை எடுத்தான்.

"பிள்ளை மேல கை வச்சா ஒடிச்சிருவேன்!" என்று கத்தினாள் சொர்ணாம்பாள். "விலா உள்ள போயிட்டுப் போயிட்டு வருது. கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஏட்டி, பைய பேசு. படிச்சவுக சொல்லுதாக."

"படிச்சவுக மூச்சு எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

கண்ணாடியைப் பிடுங்கி டாக்டரின் வாயருகே நீட்டினாள். அவர் எரிச்சலோடு ஊதினார். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊதினார். ஒன்றும் படியவில்லை. அம்மையப்பனும் ஊதிப் பார்த்தான். அப்போதும் படியவில்லை.

அவள் அதைக் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணாடி முழுவதும் வெள்ளையாக மூடிக்கொண்டது.

"இப்பச் சொல்லும் வே. இங்கன யாரைத் தூக்கிட்டுப் போவணும்?"

டாக்டர் தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார். வெகுநேரம் ஆகியும் விரலை எடுக்கவில்லை.