தூங்காத ஃப்ரெண்ட்

"எனக்கில்ல மேடம், என் ஃப்ரெண்டுக்குத்தான். ரெண்டு வாரமா அவ தூங்கறதே இல்ல. பரீட்சைன்னாலே அழுதுடறா."

ஏ.எஸ்.ராவ் நகரில் உள்ள ஒரு பள்ளியின் கவுன்சலர் ஜெயசுந்தரி மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். இந்த அறைக்கு வருகிற எல்லாருமே ஃப்ரெண்டுக்காகத்தான் வருவார்கள்.

"நாளைக்கு அந்த ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வா, ஹம்ஸினி."

"வந்தா கிளாஸ்ல அவளுக்கு மெண்டல்னு பேர் வெச்சுடுவாங்க மேடம்."

ஆனால் மறுநாள் ஹம்ஸினி நிஜமாகவே ஒரு பெண்ணோடு வந்து நின்றாள். "இவதான் மேடம், பெர்சிஸ்."

அநாவசியமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று ஜெயசுந்தரிக்கு வெட்கமாகிவிட்டது. ஹம்ஸினியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சொல்லும்மா பெர்சிஸ், ஏன் தூக்கம் வரல?"

"நான் நல்லாத் தூங்கறேன் மேடம். தூங்காதது ஹம்ஸினிதான். இங்கே வரவே பயந்தா. அதான், 'என் பேரைச் சொல்லிக்கோ, மெண்டல்னா என்னைச் சொல்லட்டும்'னேன். இப்ப அவளைக் கூப்பிடுங்க, பேசுவா."

ஜெயசுந்தரி கதவைத் திறந்து ஹம்ஸினியை உள்ளே அழைத்தாள்.

பெர்சிஸ் வகுப்புக்குப் போகவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று வெளியே பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டாள்.